அரசு அலுவலகங்களில் அனைத்துச் சமயத்தவருக்கும் இடம்: கோரிக்கை மனு

பெறுநர்
தலைமைச் செயலாளர் அவர்கள்,
தமிழ்நாடு அரசு,
தலைமைச் செயலகம், சென்னை – 9.

பொருள்: அலுவலர்களின் தனிப்பட்ட சமய நம்பிக்கையும் அலுவல் கடமையும் – தெளிவான வழிகாட்டுதல் வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் சங்கத்தில் பல சமயத்தவரும், எந்தச் சமயமும் சாராதவர்களும் இருக்கிறோம். ஓர் அலுவலர் திருநீறு பூசி வருவதையோ, சிலுவை அணிவதையோ, ஹிஜாப்புடன் பணியாற்றுவதையோ நாங்கள் ஆட்சேபிக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆவது பிரிவு சமய உரிமையை எல்லோருக்கும் தந்திருக்கிறது. பதவியேற்கும் அமைச்சர் ஆண்டவன் மீது ஆணையிடலாம். அல்லது உளமார உறுதி மட்டும் கூறலாம். மூன்றாம் அட்டவணை இரண்டுக்கும் இடம் வைத்திருக்கிறது. அந்தப் பெருந்தன்மை அலுவலகங்களிலும் வேண்டும் என்கிறோம்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் பட்டா மாறுதலுக்காக ஓர் அலுவலகம் சென்றார். எழுத்தரின் மேசைக்குப் பின்னால் சாமி படம், அதற்கு மின்விளக்கு. மனுவை வாங்கும் முன் பிரசாதத் தட்டு நீண்டது. உறுப்பினர் இஸ்லாமியர். மறுத்தால் கோப்பு நகருமா என்ற அச்சத்தில் கையை நீட்டிவிட்டார். எழுத்தர் அன்பாகத்தான் கொடுத்தார். அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் மனு கொடுக்க வந்தவர் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையும் அதன் திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்பதால், அங்கு விண்ணப்பதாரரின் சமயமே விசாரணைக்கு உள்ளாகிறது. விசாரிப்பவர் தம் சமயத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தால், எதிரே நிற்கும் ஏழை எந்தத் தைரியத்தில் வாய் திறப்பார்?

அலுவலகங்களிலிருந்து சாமி படங்களை அகற்றும்படி அண்ணா தலைமையிலான அரசு 1968இலேயே சுற்றறிக்கை அனுப்பியது. மதச்சார்பின்மை அரசமைப்பின் அடிப்படைக் கூறு என்று 1994இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. கோருவன:

1. பொதுமக்களைச் சந்திக்கும் முகப்பு, விசாரணை அறை, அலுவலகத்தின் பெயரிலான சமூக வலைதளக் கணக்கு ஆகியவற்றில் எந்தச் சமயத்தின் வழிபாட்டு அடையாளமும் இடம்பெறலாகாது. அலுவலர் தம் உடலில் அணிவதற்கும் தம் பையில் வைத்திருப்பதற்கும் இது பொருந்தாது என்பதையும் தெளிவாக எழுத வேண்டும்.

2. ஆயுத பூசையோ, கிறிஸ்துமஸோ, இஃப்தாரோ, எதற்காகவும் பணியாளர்களிடம் வசூல் கூடாது. தற்காலிகப் பணியாளரும் தூய்மைப் பணியாளரும் மேலதிகாரி கேட்டால் மறுக்க முடிவதில்லை.

3. அலுவலக வளாகங்களில் புதிதாக வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப அனுமதிக்கலாகாது.

4. இவை மீறப்பட்டால் முறையிட மாவட்டந்தோறும் ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயர் வெளியே வரக்கூடாது.

வழிகாட்டுதலை இறுதி செய்யும் முன் பணியாளர் சங்கங்களோடு எங்களையும் அழைத்துப் பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்