சபையில் எண்ணப்படும் வாக்கு

வாக்குச்சீட்டில் அடையாளமிட்டதும் குடிமகனின் கடன் தீர்ந்தது என்று கருதுவோர் நம்முட் பலர். பாராளுமன்ற ஆட்சி நிலவும் நாட்டில் வாக்குகள் இருமுறை எண்ணப்படுகின்றன. முதல் எண்ணிக்கை தொகுதியில் நிகழ்ந்து பிரதிநிதியைத் தருகின்றது. இரண்டாவது சபையில் நிகழ்ந்து அரசாங்கத்தையும் சட்டத்தையும் தருகின்றது. முதலாவதன் முடிவை இரவெல்லாம் விழித்திருந்து கேட்கும் நாம், இரண்டாவதைப் பொருட்படுத்துவதில்லை. அதனை ஏன் நோக்கவேண்டும் என்பதற்கு நம் வன்னி நாட்டின் வரலாறே சான்றாகும்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், மக்கள் தெரிவுசெய்த 95 இடங்களுள் ஐக்கிய தேசியக் கட்சி பெற்றவை 42 மட்டுமே. நியமன உறுப்பினர் அறுவரையுஞ் சேர்த்து 101 பேர் கொண்ட சபையில் அது பெரும்பான்மையன்று. எனினும் டி. எஸ். சேனநாயக்கா பிரதமரானார். எங்ஙனம்? நியமன உறுப்பினரோடு சுயேச்சையாளர் சிலரையும் சேர்த்துச் சபையின் நம்பிக்கையைப் பெற்றமையாலேயாம். மன்னாரின் சுயேச்சை உறுப்பினர் சி. சிற்றம்பலம் தபால், தந்தி மந்திரியானார். வவுனியாவின் சுயேச்சை உறுப்பினரும் கணிதப் பேராசிரியராய் விளங்கியவருமான செல்லப்பா சுந்தரலிங்கம் வர்த்தக மந்திரியானார். முல்லைத்தீவும் அந்நாளில் வவுனியா மாவட்டத்துள் அடங்கியிருந்தது. வன்னியில் இடப்பட்ட வாக்கு கொழும்பில் ஓர் ஆட்சியைத் தாங்கும் தூணாயிற்று.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையிழந்தனர். அவ்வாண்டின் இறுதியில் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமை மசோதா சபைக்கு வந்தது. மந்திரிசபையின் தீர்மானத்திற்கு மந்திரிமார் அனைவரும் கூட்டாகப் பொறுப்பாவர். இசையாதவர் விலகுதல் மரபு. சுந்தரலிங்கம் விலகினார். ஆயினும் மசோதா 1949 இல் சட்டமாயிற்று. அவ்வாண்டே பிறிதொரு சட்டம் குடியுரிமையற்றோரின் வாக்குரிமையையும் நீக்கிற்று. 1947 இல் இலங்கை இந்தியக் காங்கிரஸின் உறுப்பினர் அமர்ந்த சபையில், 1952 இல் ஒருவரேனும் இலர். சிறுபான்மையோரைக் காக்கவென யாப்பில் 29 ஆம் பிரிவு இருந்தும், வாக்குரிமையை நீக்கிய சட்டம் செல்லுமென இலண்டன் கோமறைக் கழகம் 1953 இல் தீர்ப்பளித்தது.

பெரும்பான்மையோர் முடிவே சனநாயகமன்றோ எனச் சிலர் வினவுவர். சட்டமியற்றும் உரிமை பெரும்பான்மைக்கு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யார் எண்ணப்படலாம் என்பதையும் எண்ணிக்கையில் மிகுந்தோரே தீர்ப்பாராயின், அவ்வெண்ணிக்கை நேர்மையிழக்கும். நாடற்றோராய் எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றியது 2003 இலேயாம். இடையே கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள். அதற்குள் 1977 ஆம் ஆண்டின் வன்செயலால் மலையகம் விட்டு வந்தோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு திருத்திக் குடியேறிவிட்டனர். அயலாருக்கென்று எண்ணப்பட்ட சட்டம் நம் அயல்வீட்டின் கதையாயிற்று.

இன்று 225 உறுப்பினருள் வன்னித் தேர்தல் மாவட்டத்திற்குரியோர் அறுவரே. கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்துள்ளது. தொகை சிறிதாயின் விழிப்புப் பெரிதாதல் வேண்டும். மசோதா வர்த்தமானியில் வெளியாகிச் சபையில் வைக்கப்படும்போது, குறித்த காலத்துள் எக்குடிமகனும் உயர் நீதிமன்றத்தை நாடலாம். 1978 ஆம் ஆண்டின் யாப்பின்படி, சபாநாயகர் சான்றுரைத்தபின் அச்சட்டத்தின் செல்லுபடியை எந்நீதிமன்றமும் ஆராய இயலாது. வந்தபின் புலம்புவதாற் பயனில்லை.

ஆதலின் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். வர்த்தமானியும் ஹன்சாட்டும் கல்லூரி நூலகத்தில் இடம்பெற ஆவன செய்வோமாக. மாணவர் மன்றம் தவணைக்கொரு மசோதாவையேனும் எடுத்து விவாதிப்பதாக. அடுத்த தேர்தலில் நம் வாயிலுக்கு வரும் பிரதிநிதியிடம், அவர் என்ன தருவார் என்று கேட்குமுன், சபையில் எப்பக்கம் வாக்களித்தார் என்று கேட்கும் இளைஞரை இக்கல்லூரி உருவாக்குமாயின், அதுவே யூபிலிக்குத் தக்க காணிக்கையாகும்.