யார் செய்தது என்று சொல்லாத ஆங்கிலம்

நுகேகொடையில் ஹைலெவல் வீதியோரமாக நடந்தால், ஆங்கில வகுப்பு விளம்பரங்களுக்குக் குறைவில்லை. பேச்சு ஆங்கிலம், அலுவலக ஆங்கிலம் என்று பல வகை. இராணுவ அறிக்கைக்கும் கடிதப் போக்குவரத்துக்குமான ஆங்கிலமும் உலகில் இன்று தனித்ததொரு பாடத்துறை. படையினனுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்போர் உண்டு. நான் அவர்களோடு உடன்படமாட்டேன்.

தேவை உண்மையானது. 1949 இல் நமது இராணுவம் அமைக்கப்பட்டபோது அதன் எழுத்து நடைமுறைகள் பிரித்தானியரிடமிருந்தே வந்தன. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின்னரும் வெளிநாட்டுப் பயிற்சி, ஐ.நா. அமைதிப்படைப் பணி என்பவற்றுக்கு ஆங்கிலம் இல்லாமல் முடியவில்லை. நுகேகொடைக்கு அண்மையில், இரத்மலானையில், 1981 ஆம் ஆண்டின் 68 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவாகி இன்று பல்கலைக்கழகமாக உள்ள கொத்தலாவல பாதுகாப்புக் கல்விக்கூடமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கிறது.

சுருக்கம், தெளிவு, ஒழுங்கு என்ற மூன்றையும் இப்பாடம் வலியுறுத்தும். நியாயமே. 1854 ஒக்டோபர் 25 அன்று பலக்லாவாவில் ரக்லன் பிரபு அனுப்பிய கட்டளை, பீரங்கிகளை எதிரி கொண்டு செல்லாமல் தடுக்கச் சொன்னது. எந்தப் பீரங்கிகள் என்று சொல்லவில்லை. அறுநூற்றுக்கு மேற்பட்ட குதிரைவீரர் தவறான பள்ளத்தாக்கினுள் பாய்ந்தனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

ஆனால் நான் அஞ்சுவது தெளிவின்மையை அல்ல. தெளிவாகவே எழுதி, செய்தவனை மாத்திரம் வாக்கியத்திலிருந்து அகற்றிவிடும் திறமையைத்தான்.

போர்க்காலத்தில் செய்தி அறையில் தொலைநகலில் வந்து விழும் இராணுவ அறிக்கைகளைத் தமிழாக்குவது எங்கள் அன்றாட வேலை. இலக்கணப் பிழை காண்பது அரிது. எழுவாயைக் காண்பது அதைவிட அரிது. இடங்கள் ‘விடுவிக்கப்பட்டன’, இலக்குகள் ‘தாக்கப்பட்டன’, பொதுமக்கள் ‘மோதலில் அகப்பட்டனர்’. தமிழிலும் ‘படு’ என்ற துணைவினை இருப்பதால் மொழிபெயர்ப்புக்குச் சிரமமே இல்லை! 1998 ஜூனில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தபின், அந்த வாக்கியங்களே வாசகருக்கு எஞ்சின. புலிகளின் அறிக்கைகளும் இந்தக் கலையில் பின்தங்கியவை அல்ல. அவர்களது தோல்விகள் ‘தந்திரோபாயப் பின்வாங்கல்’ ஆயின.

2009 இல் பொதுமக்கள் உயிரிழப்பே இல்லாத நடவடிக்கை என்று அரசாங்கம் சொல்லிவந்தது. 2011 ஓகஸ்டில் பாதுகாப்பு அமைச்சு வெளியிட்ட ஆங்கில அறிக்கை, ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்ற அதே தலைப்பின் கீழ், அத்தகைய போரில் பொதுமக்கள் உயிரிழப்பைத் தவிர்க்க இயலாதிருந்தது என்று ஒப்புக்கொண்டது. இரண்டு ஆண்டுகளில் ‘இல்லை’ என்பது ‘தவிர்க்க இயலாதது’ ஆகிவிட்டது. எவருடைய எறிகணை, எந்த இடத்தில், எத்தனை பேர் என்ற கேள்விகளுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

இது தமிழருக்கு மட்டும் நேர்ந்த துன்பம் என்று எண்ணிவிடாதீர்கள். 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாமும் 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி முகாமும் வீழ்ந்தபோது, நூற்றுக்கணக்கான சிங்களத் தாய்மாருக்குக் கிடைத்தது ‘நடவடிக்கையில் காணாமற்போனவர்’ என்ற சொற்றொடரே. ஆங்கில இராணுவ வழக்கில் மூன்றே எழுத்துகள். மகன் இறந்தானா, பிடிபட்டானா, சடலத்தை எவர் எங்கே புதைத்தார் என்று அது சொல்லாது. அத்தாய்மாரில் சிலர் வடக்கின் தாய்மாரைத் தேடிச் சென்று பேசினர். இரு பகுதியினரையும் உள்ளடக்கி, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனோர் அலுவலகத்தை அமைத்தது. இன்றும் அவர்கள் விடையின்றியே வீதியில் நிற்கின்றனர்.

ஆகவே இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியரிடம் ஒன்று கேட்பேன். கடித முகப்பு, சுருக்கக் குறியீடு எல்லாம் பிறகு வரட்டும். முதல் நாளில் மாணவனிடம் ‘சுடப்பட்டார்’ என்று முடியும் ஓர் அறிக்கையைக் கொடுங்கள். சுட்டது யார், கட்டளையிட்டது யார், எத்தனை மணிக்கு என்பவற்றைச் சேர்த்துத் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.