ஒலியும் நிலையக் கட்டுமானமே

2023 பிப்ரவரி இறுதியில் சென்னை சென்ட்ரல் ‘அமைதி நிலையம்’ ஆக்கப்பட்டது. வண்டிகளின் வருகையையும் புறப்பாட்டையும் சொல்லிவந்த ஒலிபெருக்கி அறிவிப்புகள் நின்றன. அந்த வேலை முழுவதும் மின்னணுப் பலகைகளிடம் போய்ச் சேர்ந்தது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத்தான் பிரெய்ல் வரைபடம் இருக்கிறதே என்று சமாதானமும் சொல்லப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது, விரைவிலேயே அறிவிப்புகள் திரும்பின, செய்தியும் அடங்கிவிட்டது. ஆனால் நிலையங்களை வரைகிறவர்களும் கட்டுகிறவர்களும் நடமாட்டப் பயிற்சி அளிக்கிறவர்களும் அதை அப்படி விட்டுவிட முடியாது. அந்த முடிவை எடுத்தவர்கள் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ஒலி என்பது கட்டடத்தின் மேல் பிறகு வந்து சேரும் சேவை, வேண்டாதபோது அணைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். நம்முடைய வரைபடங்களும் அப்படித்தான் நினைக்கின்றன. தரைக்கு அளவு உண்டு, சாய்தளத்துக்குச் சரிவு விகிதம் உண்டு. ஒலிக்கு மட்டும் எங்கெங்கே ஒலிபெருக்கி மாட்டுவது என்ற குறிப்போடு சரி.

பிரெய்ல் வரைபடம் மாறாதவற்றைச் சொல்லும். முன்பதிவு அலுவலகம் எந்தப் பக்கம், படிக்கட்டு எங்கே, கழிப்பறை எங்கே என்பதற்கு அது போதும். இன்றைக்குக் கோவை வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார்களா, எவ்வளவு தாமதம் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. தொட்டுணர் ஓடுகளின் நிலையும் இதுதான். ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965இல் உருவாக்கி, 1967இல் ஒக்காயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்த ஓடு அது. நீள்வரி இருந்தால் போகலாம், புள்ளி இருந்தால் நிற்க வேண்டும். நடைமேடை விளிம்பில் உயிர் காப்பது அந்தப் புள்ளிதான். அதன் அருமையைக் குறைத்துச் சொல்லவே கூடாது. ஆனால் தரை இடத்தைத்தான் சொல்லும். நிலையத்தில் அந்த நிமிடம் என்ன நடக்கிறது என்பதைக் காதுக்குத்தான் சொல்ல முடியும்.

அந்த ஓடுகளைத் தந்த நாடே ஓடுகளோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பயணியர் நிலையங்களில் ஒலியால் வழிகாட்டுவதற்கென 2002இல் ஜப்பான் ஒரு வழிகாட்டு நெறியையே வகுத்தது. சுரங்க ரயிலின் தெருவாசல், பயணச்சீட்டு வாயில், நகரும் படி, கழிப்பறை, நடைமேடையிலிருந்து வெளியேறும் படிக்கட்டு என்று ஐந்து இடங்களை அது எடுத்துக்கொண்டது. வாயிலில் ஈரொலி மணி கேட்கும். படிக்கட்டருகே பறவைக் குரல் கேட்கும். கழிப்பறை வாசலில் ஆண்கள் பக்கம் எது, பெண்கள் பக்கம் எது என்று குரல் சொல்லும். இதில் நாம் கற்க வேண்டியது, ஒலி அந்தப் பொருள் இருக்கும் இடத்திலிருந்தே வருகிறது என்பதுதான். காதில் விழும் திசையை நோக்கி நடந்தால் படிக்கட்டு கிடைத்துவிடும். தோக்கியோவின் யமனோத்தே வட்டப்பாதையில் ஒரு சுற்றுக்கு ஆண் குரலும் எதிர்ச்சுற்றுக்குப் பெண் குரலும் அறிவிப்பதால், வார்த்தை காதில் சரியாக விழாவிட்டாலும் எந்தத் திசை வண்டி என்று தெரிந்துவிடுகிறது. நம் நிலையங்களிலோ ஒரே குரல் எல்லா ஒலிபெருக்கிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வருகிறது. அதில் செய்தி உண்டு, திசை இல்லை.

அந்தச் செய்தியும் பாதியில் நின்றுவிடுகிறது. எல்எச்பி வகை ரயில்பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 24 மீட்டர். 22 பெட்டி வண்டி அரை கிலோமீட்டரைத் தாண்டும். நடைமேடை எண்ணைக் குரல் சொல்லிவிடும். பயணியின் பெட்டி எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பதை மேலே தொங்கும் பலகை கண்ணுக்கு மட்டும் காட்டும். வண்டி இரண்டு நிமிடமே நிற்கும் ஊரில், பின் கோடியில் இணைக்கப்பட்ட மாற்றுத்திறனாளிப் பெட்டியைத் தேடி முன் கோடியிலிருந்து வெண்கோலோடு விரைவது என்ன ஆபத்து என்பதை நம்மிடம் பயிற்சி பெற்ற எவரும் சொல்வார்கள். குறைபார்வை உள்ளவருக்கும் இதே பாடுதான். பலகையில் ஓடும் எழுத்தை அவர் பிடிப்பதற்குள் மொழி மாறிவிடுகிறது.

ஒலி கூடினால் இரைச்சலும் கூடும் என்பது நேர்மையான மறுப்பு. கூரை உயர்ந்த கூடத்தில் இடைவிடாத அறிவிப்பு எல்லோரையும் களைப்படையச் செய்கிறது. விமான நிலையங்கள் அமைதியாகிவிட்டனவே என்றும் கேட்கிறார்கள். மாற்றுத்திறனாளி விமானப் பயணிக்கு நுழைவிலிருந்து இருக்கைவரை கூட வர ஆளை ஏற்பாடு செய்யும் கடமை விமான நிறுவனத்துக்கு உண்டு. முன்பதிவில்லாப் பெட்டிக்குச் சீட்டு வாங்கியவருக்கு யார் வருவார்கள்? இரைச்சலுக்கும் மருந்து மௌனமல்ல. சில பெரிய ஒலிபெருக்கிகளை உரக்க வைத்தால் ஒலி கூரையிலும் சுவரிலும் மோதி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்புகிறது. சிறிய ஒலிபெருக்கிகளை நெருக்கமாக, ஆளுக்கு அருகில், மெல்ல ஒலிக்கவிட்டால் சொல் தெளிகிறது, மொத்த இரைச்சலும் தணிகிறது. பேச்சுத் தெளிவை 0 முதல் 1 வரை அளக்கும் குறியீடு நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அவசரகால ஒலிபெருக்கிகளுக்கு 0.5ஐ அடிமட்டமாக வைப்பது வழக்கம். இந்த எண்ணை எத்தனை நிலைய ஒப்பந்தப்புள்ளிகளில் எழுதியிருக்கிறோம்? விளம்பர ஒலியை நீக்கினாலே காது பாதி ஓய்ந்துவிடும்.

கைபேசிச் செயலி வந்துவிட்டதே என்பது இன்னொரு மறுப்பு. செயலிகள் நல்ல துணை. ஒலிவழி வழிகாட்டலுக்கு 2017இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒரு தரமே வெளியிட்டது. ஆனால் ஒரு கையில் கோல், மறு கையில் பை, இதில் கைபேசியை எங்கே வைப்பது? காதொலிப்பான் பொருத்தினால் வண்டி நெருங்கும் ஓசை அடைபடுகிறது. மின்கலம் தீர்ந்தால் நிலையமே மறைந்துபோகிறது. அந்தக் கைபேசியே இல்லாதவர்களும் ரயிலில்தான் பயணம் செய்கிறார்கள். கூட வரும் உதவியாளரும் செயலியைப் போல ஒரு துணைதான்: கேட்டால் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டாலும் போய்ச்சேர முடிய வேண்டும்.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழான 2017 விதிகளில் 15(1) விதி செல்லாது என்றது. வெறும் பரிந்துரைகளைக் கொண்டு கட்டாயக் கடமையை நிறைவேற்ற முடியாது என்பது அதன் சாரம். கட்டாயத் தரங்களைப் பிரித்தெடுத்து வகுக்கவும் அது பணித்தது. அந்தக் கட்டாயப் பட்டியலில் மூன்று ஒலி விதிகள் இடம்பெற வேண்டும் என்று கேட்கிறோம்: கூட்ட நேரத்தில் நிற்பவரின் காது உயரத்தில் அளந்த பேச்சுத் தெளிவு; படிக்கட்டு, வாயில், கழிப்பறை ஆகியவற்றில் அந்தந்த இடத்திலிருந்தே எழும் திசை ஒலி; நடைமேடை எண்ணோடு பெட்டி நிலையையும் சேர்த்துச் சொல்லும் அறிவிப்பு. அம்ரித் பாரத் திட்டத்தில் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் புதுப்பிக்கத் தேர்வாகியிருக்கின்றன. கண்ணாடியும் உலோகத் தகடும் அகன்ற கூரையாக எழுகின்றன. இரண்டுமே ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புபவை. கூரை ஏறிய பிறகு அதைச் சரிசெய்யப் பன்மடங்கு செலவாகும். ஆகவே வரைபடம் இன்னும் மேசையில் இருக்கும் நிலையங்களிலாவது, கூரைப்பொருளுக்குக் கையெழுத்திடும் முன் ஒலிப் பொறியாளரையும் வெண்கோலோடு நடக்கும் பயணியையும் அதே மேசைக்கு அழையுங்கள்.