புளி தேய்த்த காசு



சென்ற கோடை விடுமுறையில் எங்கள் குரோம்பேட்டை இல்லத்தில் ஒரு சிறு விபரீதம் நிகழ்ந்தது. காலஞ்சென்ற என் தந்தையார் ஒரு தகரப் பெட்டியில் மூன்று பழைய காசுகளை வைத்திருந்தார். அவர் மறைந்தபின் அன்னையார் அப்பெட்டியைத் தம் தலைமாட்டிலேயே வைத்துக் காத்து வருகிறார். விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன், பாட்டியை மகிழ்விக்கும் எண்ணத்தோடு ஒரு பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து, அவற்றுள் செப்புக் காசுகள் இரண்டையும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டினான். வெள்ளி ரூபாய் மட்டும் தப்பியது. அன்னையார் வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். பையனின் முகம் வாடிவிட்டது. இரவு என்னிடம் வந்து, "மாமா, இதைத் திரும்பப் பழசாக்க முடியுமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்ததே இம்மாதக் கட்டுரை ஆயிற்று.

பையனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. செம்பும் பித்தளையும் மின்னினால்தான் வீடு வீடாக இருக்கும் என்று அவனுக்குக் கற்பித்தவர்கள் நாமே. களிம்பு ஏறிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் வயிற்றுக்குக் கேடு என்று அஞ்சி ஈயம் பூசி வந்த குடும்பங்கள் நம்முடையவை. திருநாளுக்கு முந்திய நாள் பீடத்து மெழுகுவர்த்தித் தண்டுகளைத் துலக்கிய கைகள் நம் வீடுகளில் எத்தனை! அடுக்களைக்கும் பீடத்துக்கும் இது நல்ல பழக்கம். காசுக்குத்தான் ஆகாது.

காரணம் இதுதான். காற்றுப் பட்ட செம்பின் மேல் முதலில் சிவந்த ஆக்சைடுப் படலம் ஒன்று மெல்லியதாகப் படியும். ஆண்டுகள் செல்லச் செல்ல அது கபில நிறமாகி இருண்டு, கெட்டிப்படும். மண்ணில் புதைந்த காசில் அதன்மேல் பச்சைக் கார்பனேட்டும் சேரும். இவை வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கல்ல. காசின் சொந்த உலோகமே மாறி உண்டான தோல். புளியிலுள்ள அமிலம் அத்தோலைக் கரைக்கிறது. சாம்பல் அதனடியில் இருக்கும் உலோகத்தையும் தேய்க்கிறது. ஆகவே நாம் இழப்பது நிறத்தை மட்டுமன்று, எழுத்துகளின் நுண்ணிய விளிம்புகளையும் கூட. நிறம் ஒருவாறு திரும்பி வரும். விளிம்பு வராது.

எங்கள் காசுகளில் மூத்தது 1808ஆம் ஆண்டின் 20 காசு நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை இராஜதானிக்கென்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அருகே, போல்ட்டனின் சோஹோ நாணயச் சாலையில் நீராவி இயந்திரங்களால் அடிப்பித்தது. ஒரு பக்கம் கம்பெனியின் கேடயச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்தில், 20 காசு 4 பலூசுக்குச் சமம் என்ற வாசகம். இந்த வகைக் காசுகளை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையையே தாண்டாமல், கென்ட் பகுதிக்கு அப்பாலுள்ள குட்வின் மணற்றிட்டில் மோதி மூழ்கிற்று. 175 ஆண்டுகளுக்குப் பின், 1980களில், முத்துக் குளிப்போரைப் போல மூழ்கியவர்கள் இலட்சக்கணக்கான காசுகளை வெளிக்கொணர்ந்தார்கள். கடல்நீர் பட்டவை அரிக்கப்பட்டுக் குழிவிழுந்து கிடந்தன. பீப்பாயின் நடுவில் இருந்தவை ஏறத்தாழப் புதியவையாகவே இருந்தன.

ஆகவே ஒரே ஆண்டில் ஒரே சாலையில் அடித்த இரு காசுகளை அருகருகே வைத்தால், எது கடலுக்குள் கிடந்தது, எது சென்னைக் கடைத்தெருவில் கைமாறித் தேய்ந்தது என்பதை மேற்பரப்பே சொல்லிவிடும். எங்கள் காசில் இருந்த கரும்பழுப்பு, எத்தனையோ உள்ளங்கைகளின் எண்ணெயும் வியர்வையும் ஏற்றியது; கடைசியில் என் தந்தையாருடையது. துலக்கிய பின் அது சுட்ட இறால் நிறத்தில் இருந்தது. பையனுடைய பாட்டி வாய்திறவாமல் பெட்டியை மூடியதில் வியப்பில்லை.

பழைய நிறத்தை மீட்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டுக்கும் முன் காசைச் சோப்பு நீரில் கழுவி, வாலை வடிநீரில் அலசி, நன்றாக உலர்த்தி, விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும். விரல்ரேகை பட்ட இடம் வேறு நிறமாகிவிடும். முதல் வழி கந்தகம். கெட்டியாக அவித்த முட்டையை மசித்துக் கண்ணாடிப் புட்டியின் ஒரு மூலையில் வைத்து, முட்டையில் படாமல் காசை மறு மூலையில் வைத்து இறுக மூடினால், முட்டையிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு ஆவி செம்பைக் கறுக்கச் செய்யும். கால்மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். பொறுமை இழந்து இரவு முழுதும் விட்டால் அடுப்புக்கரி போலாகிவிடும். (நாங்கள் செய்தபோது, "வீட்டுக்குள்ளே என்னடா சாக்கடை நாற்றம்?" என்று அன்னையார் கேட்டார். அதுவரை அவரிடம் நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.) இரண்டாம் வழி, ஒன்றும் செய்யாதிருத்தல்: சன்னல் விளிம்பில் தாளின்மேல் காசை வைத்து, நாள்தோறும் திருப்பிப் போட்டு, வெயிலும் காற்றும் வேலை செய்ய விடுவது. இதற்கு மாதங்கள் பிடிக்கும். ஆனால் நிறம் சீராக வரும்.

பழம்பொருள் விற்பவர் ஒருவர் மூன்றாவது வழி ஒன்றையும் எனக்குச் சொன்னார்: உப்பும் காடியும் தடவி ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால் இரண்டே நாளில் பச்சை ஏறி, ஆயிரம் ஆண்டுக் காசு போல் ஆகிவிடுமாம். வாசகர்கள் இதை ஒருபோதும் செய்ய வேண்டாம். விற்பவன் வாங்குபவனை ஏமாற்றுவது ஒருபுறமிருக்க, உப்பிலுள்ள குளோரைடு செம்புக்குள் புகுந்துவிடும். அது ஈரக்காற்றோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் மேலும் செம்பை அரிக்கும். மீண்டும் குளோரைடு பிறக்கும். இதைத்தான் 'வெண்கல நோய்' என்கிறார்கள். வெளிர்பச்சைத் தூள் புள்ளிபுள்ளியாகத் தோன்றும். துடைத்தால் போய், சில நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 40 விழுக்காட்டைத் தாண்டினாலே இந்நோய் விழித்துக்கொள்ளும் என்பர். நம் சென்னைக் காற்றில் அது உறங்க இடமே இல்லை.

துலக்குவது எப்போதுமே குற்றம் என்று நான் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கப்பெற்ற வேதியியல் கூடத்தில், எஸ். பரமசிவன் என்னும் அறிஞர் இந்நோய் கண்ட செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் களிம்பு நீக்கிக் காப்பாற்றினார். நோய் உடலைத் தின்னும்போது தோலைக் காப்பது அறிவுடைமையன்று. ஆனால் நோயில்லாத காசை அழகுக்காகத் தேய்ப்பது வேறு.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழங்காசு வாங்கும் பழக்கமுள்ள பிள்ளைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்கள் வாங்கி வருவதை மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளில் இட வேண்டாம். அவ்வகை உறை நாளடைவில் பச்சைப் பிசுக்கைக் கக்கும். தோல் பைகளும் ஆகா. குரோம் தோலால் பெயர்பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன், பொறுத்தருள்க. அமிலமற்ற தாளில் மடித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்றை உடன் வைத்தால் போதும்.

1808ஆம் ஆண்டுக் காசை முட்டை ஆவியில் கறுக்கினோம். நிறம் வந்தது, கேடயத்தின் விளிம்புக் கோடு வரவில்லை. பையன் ஒரு சீட்டில், காசு துலக்கப்பட்ட நாளையும் நிறமேற்றப்பட்ட நாளையும் தன் கையால் எழுதிக் காசோடு சேர்த்துப் பெட்டியில் வைத்தான். எழுதும்போது, "யார் துலக்கினதுன்னும் போடணுமா மாமா?" என்றான். போடச் சொன்னேன்.

மற்றொன்று, 1835ஆம் ஆண்டின் கால் அணா, கூடத்துச் சன்னலில் இருக்கிறது. பள்ளி திறந்து பையன் ஊருக்குப் போய்விட்டான். இப்போது அதை நாள்தோறும் திருப்பி வைப்பவர் அன்னையார்.