பால்புட்டியை மறக்க வேண்டியவர் யார்?

சோழவந்தானை அடுத்து, வைகைக் கரையில் இருக்கிறது திருவேடகம். மதுரையில் நடந்த புனல்வாதத்தின்போது ஞானசம்பந்தர் ஆற்றில் இட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்து ஏறிவந்து கரைசேர்ந்த இடம் அதுவே என்பது தலமரபு. எங்கள் பகுதியில் ஏடு எதிரேறிய கதையை அறியாதவர் குறைவு. அந்தப் பிள்ளை மூன்று வயதில், சீர்காழிக் குளக்கரையில், எதில் பால் குடித்தது என்பதைத்தான் நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. உமையம்மை தந்தது பொற்கிண்ணத்தில். தந்தையார் வந்து பார்க்கிறார். பிள்ளையின் கடைவாயில் பால் வழிந்திருக்கிறது. யார் தந்த எச்சிற்பாலை உண்டாய் என்று சிறுகோலை ஓங்குகிறார். பின்னர் நடந்தவற்றைச் சேக்கிழார் வாக்கால் அறிவோம்.

நற்றிணையின் 110ஆம் பாடலிலும் பாலும் பொற்கலமும் ஒரு சிறுகோலும் உண்டு. பாடியவர் போதனார். தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு, கோலை ஓங்கியபடி, குடி குடி என்று செவிலியர் சிறுமியைத் துரத்துகிறார்கள். அவளோ சிலம்பு ஒலிக்க ஓடுகிறாள். நரைத்த கூந்தலையுடைய அம்மூதாட்டியர் பந்தரடியில் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள்.

இந்த இரண்டு கிண்ணங்களை வைத்துக்கொண்டு அக்காலப் பிள்ளைகள் பால் குடித்த வரலாற்றை எழுத நாம் முனையவில்லை. பொன் எல்லார் வீட்டிலும் இருந்திருக்காது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. இரு காட்சிகளிலும் பால் தருபவர் பிள்ளையின் எதிரே நிற்கிறார். கிண்ணத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அப்பால் போய்விட முடியாது. பால்புட்டியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அதன் வசதியும் அதுதான், அதன் கேடும் அதுதான் என்பது நம் கட்சி. பட்டறிந்தே சொல்கிறோம்.

எங்கள் இளைய மகளுக்கு இரண்டு வயது நிறையும் தறுவாயில், மேல்வரிசை முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடுபோல் ஒரு வெண்மை தெரிந்தது. அழுக்கென்று எண்ணித் துடைத்தோம். சில வாரங்களில் அது பழுப்பாயிற்று. மதுரைக்கு அழைத்துச் சென்றபோது பல்மருத்துவர் கேட்ட முதற்கேள்வி, "ராத்திரி பாட்டிலோடயே தூங்குறாளா?" என்பதுதான். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது குறைந்துவிடும். வாயில் தேங்கிய பாலின் சர்க்கரையை நுண்ணுயிர்கள் அமிலமாக்க, அது பல்லின் எனாமலை அரிக்கிறது. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக் காக்கிறது. மேல் முன்பற்களுக்கு அந்தக் காவல் இல்லை. போதாததற்கு நாங்கள் சேர்த்த சீனி வேறு. பால்பற்கள்தாமே, விழுந்து முளைக்கப் போகின்றனவே என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. விழுவதற்கு இன்னும் ஐந்தாண்டுகள் இருக்கின்றன. அதுவரை அந்தப் பற்களால்தான் பிள்ளை கடித்து உண்ண வேண்டும். வலித்தால் அதுதான் தாங்க வேண்டும்.

மற்றொரு கேடு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் பிள்ளைக்குச் சோற்றில் நாட்டமிராது. கீரையும் பருப்பும் முட்டையும் உள்ளே போகா. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள் என்று கண்டது. காரணங்கள் பல, பழி முழுவதையும் புட்டியின்மேல் ஏற்றுவது நேர்மையாகாது. ஆனால் 'சோறு உண்ணாவிட்டாலும் பாலாவது குடிக்கிறதே' என்று நாம் நிம்மதி கொள்ளும் பிள்ளையும் அந்தக் கணக்கில் இருக்கக்கூடும்.

தாய்ப்பாலை நிறுத்துவதைத் தமிழில் 'பால் மறக்கடித்தல்' என்கிறோம். நுட்பமான சொல். நிறுத்துவது தாய்; மறப்பது பிள்ளை; மறக்கடித்தலில் இருவரும் இருக்கிறார்கள். வேப்பிலையை அரைத்து மார்பில் தடவுவது பழைய முறை. கசந்ததும் பிள்ளை முகம் திருப்பும், அழும். ஆனால் அழுவதற்கு அதே மடி அங்கேயே இருக்கிறது. பால் போயிற்று, தாய் போகவில்லை.

எங்கள் வீட்டில் அப்பத்தா அதே வைத்தியத்தைப் புட்டிக்கும் செய்து பார்த்தார். ரப்பர்க் காம்பில் வேப்பெண்ணெய். "ரெண்டு நாளு அழுவா, மூணாம் நாளு மறந்துருவா" என்றார். அவள் மறக்கவில்லை. இரண்டு இரவு வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை. மூன்றாம் இரவு காம்பைக் கழுவிப் பாலூற்றிக் கொடுத்தவர்கள் நாங்களே.

தோல்வியின் காரணம் பிறகுதான் விளங்கிற்று. புட்டியை எடுத்த இடத்தில் வைப்பதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. ஏனெனில் முதலில் அதை வைத்ததே எங்களுக்குப் பதிலாகத்தான். விடைத்தாள் கட்டுகள் மேசைமேல் காத்திருக்கும். இரவு எட்டரை மணிக்குப் புட்டியைக் கையில் கொடுத்துப் பாயில் கிடத்தினால் பிள்ளை தானே உறங்கிவிடும். அந்த அரைமணி நேரம் எங்களுக்கு வேண்டியிருந்தது. பிள்ளைக்குப் புட்டி பழகியதைப் போலவே அந்த அரைமணி எங்களுக்குப் பழகிப்போயிற்று. பழக்கத்தை மறக்க வேண்டியவர்கள் மேசையருகிலும் இருந்தோம்.

இரண்டாம் முறை மெதுவாகத் தொடங்கினோம். முதலில் பகலில் ஒரு வேளைப் பாலை மட்டும் சின்ன எவர்சில்வர் டம்ளருக்கு மாற்றினோம். நான்கைந்து நாள் கழித்து அடுத்த வேளை. டம்ளரில் கால்பாகம்தான் ஊற்றுவோம். அதிலும் பாதி சட்டையில் சிந்தும். புறநானூற்றின் 188ஆம் பாடலில், நெய்ச்சோற்றைக் கையால் துழாவி மேலெல்லாம் சிதறிக்கொள்ளும் பிள்ளையைப் பாண்டியன் அறிவுடை நம்பி பாடியிருக்கிறான். ஓர் அரசனுக்கு அந்தச் சிதறலே வாழ்நாளின் பயனாகத் தெரிந்திருக்க, தரையைத் துடைக்க நாம் சலித்துக்கொள்ளலாமா? இரவுப்புட்டியைக் கடைசியில் எடுத்துக்கொண்டோம். சீனியை நிறுத்தி, பாலைக் குறைத்து நீரைக் கூட்டி, முடிவில் வெறும் நீர். அந்த நேரத்தில் இருவரில் ஒருவர் பாயில் உடன் படுத்துக் கதை சொன்னோம். ஏறத்தாழ இருபது நாளாயிற்று. விடைத்தாள்களை விடியற்காலையில் திருத்தினோம்.

இதை ஓராண்டு முன்னரே செய்திருக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை, புட்டியே வேண்டாம், கிண்ணமும் கரண்டியும் போதும் என்பது. புட்டி பழகிய பிள்ளைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் ஒன்று முதல் ஒன்றரை வயதுக்குள் நிறுத்தச் சொல்கிறது. நம் பாட்டியல் மரபு ஒன்று, பிள்ளைத்தமிழின் பருவங்களை மூன்றாம் மாதக் காப்பில் தொடங்கி 21ஆம் மாதம் வரை வகுத்து, வாரானைக்கு 13ஆம் மாதத்தையும் அம்புலிக்கு 15ஆம் மாதத்தையும் தருகிறது. பத்துப் பருவங்களில் பால் மறக்கும் பருவம் என ஒன்றில்லை. ஆயினும் அழைத்தால் நடந்துவரும் பிள்ளைக்கு டம்ளரையும் பிடிக்க வரும். மருத்துவர்கள் சொல்லும் காலமும் வாரானையும் அம்புலியும் ஒன்றாக அமைந்திருப்பது தற்செயலாக இருக்கலாம். நினைவில் வைக்க எளிது.

எல்லாத் தாய்மாரும் பாயருகே படுத்துக் கதை சொல்ல இயலுமா என்று கேட்பது நியாயமே. 2017இல் 26 வாரமாக உயர்த்தப்பட்ட மகப்பேற்று விடுப்பு, வெற்றிலைக் கொடிக்காலுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களை எட்டவில்லை. அவர்கள் கைக்குழந்தையை விட்டுப் போகும்போது புட்டி வைத்துப் போவதைக் குற்றமென்று சொல்ல நமக்கு வாயில்லை. குற்றம் தாயுடையது அன்று. அவளை அந்நிலையில் வைத்திருக்கும் நம் ஏற்பாடுகளுடையது. ஆனால் வறுமையை முன்னிட்டுப் புட்டிக்கு வாதாடுவதும் பொருந்தாது. உட்புறம் தேய்க்க ஒரு தூரிகை, கொதிக்கவைக்க எரிபொருள், காம்பின் இடுக்கில் தங்கும் பாலாடைக்கட்டி என்று புட்டிதான் செலவும் நோயும் மிகுந்தது. டம்ளரையும் சங்கையும் சோப்பும் நீரும் கொண்டு கழுவிவிடலாம். பழைய மூக்குவைத்த பாலாடைக் கிண்ணத்தில்தான் இன்று மருத்துவமனைகள் குறைமாதக் குழந்தைகளுக்குத் தாயின் பிழிந்த பாலைப் புகட்டுகின்றன. நாம் பரணில் போட்டதை அவர்கள் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

சட்டமும் தன் பங்கைச் செய்திருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றானவற்றின் விற்பனை முறைகளுக்கு உலக சுகாதாரப் பேரவை 1981இல் நெறிமுறை வகுத்தது. அதையொட்டி 1992இல் இந்தியா இயற்றிய சட்டத்தின் பெயரிலேயே பால்புட்டி இடம்பெற்றிருக்கிறது. புட்டிக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பது சட்டம். 2003இல் அது மேலும் இறுக்கப்பட்டது. இருந்தும் பிள்ளை பார்க்கப் போகையில் சோப்பு, பவுடரோடு இரண்டு பால்புட்டிகளையும் வண்ணத்தாளில் சுற்றிக் கொண்டுபோகிறோம். எந்த நிறுவனமும் செய்ய முடியாத விளம்பரத்தை உறவினராகிய நாம் செய்து கொடுக்கிறோம். அடுத்த முறை ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரை வாங்கிப் போனால் என்ன?

எங்கள் மகளுக்கு இரண்டு பற்களை அடைக்க வேண்டியிருந்தது. இன்று பள்ளிக்குச் செல்கிறாள். காலையில் தானே பாலை ஆற்றிக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் போதனார் பாடல் நினைவுக்கு வருகிறது. பால் வேண்டாமென்று ஓடிய அதே சிறுமி, பின்னாளில் கணவன் வீட்டு வறுமையில் தந்தை வீட்டுச் செல்வச்சோற்றை எண்ணாமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டு வாழ்கிறாள். இந்த அறிவை இவள் எங்கே கற்றாள் என்று பாட்டு வியக்கிறது. கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பந்தரைச் சுற்றி அவள் பின்னே ஓடினார்களே, அவர்களிடம்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.