ஓடின் வீட்டு விருந்துக்கு நான் வரலை!



கொஞ்ச நாளா நம்ம வகுப்புல 'வல்ஹல்லா'ங்கற வார்த்தை ரொம்ப அடிபடுது. கபடியில அவுட் ஆனாக்கூட "வல்ஹல்லா போறேன்டா!"ன்னு கத்திக்கிட்டே வெளிய போறாங்க. எல்லாம் வீடியோ கேம் செய்ற வேலை. அது என்னதான் இடம்னு தேடிப் படிச்சேன். படிச்ச பிறகு எனக்கு அந்த இடம் பிடிக்கலை.

நார்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து மக்களுடைய பழைய புராணத்தில் ஓடின்தான் பெரிய கடவுள். ஒற்றைக் கண்ணர். போரில் இறந்த வீரர்களை வால்கிரிகள் என்ற பெண்கள் தேர்ந்தெடுத்து அவருடைய மண்டபத்துக்குக் கொண்டுபோவார்கள். அதுதான் வல்ஹல்லா. (இறந்தவர்களில் பாதிப் பேர் ஃப்ரேயா என்ற பெண் தெய்வத்தின் பங்கு. அதை யாரும் சொல்றதில்லை!) கூரையில் ஓட்டுக்குப் பதில் கேடயங்கள், உத்திரத்துக்குப் பதில் ஈட்டிகள். தினமும் வீரர்கள் வெளியே போய் ஒருத்தரை ஒருத்தர் வெட்டிச் சாய்ப்பார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள். பகலில் சமைத்த பன்றி சாயங்காலம் மறுபடி முழுசா இருக்கும். ஆட்டின் மடியிலிருந்து பாலுக்குப் பதில் தேன்மது வரும். ஓடின் மட்டும் இறைச்சியைத் தொடமாட்டார். தன் பங்கை இரண்டு ஓநாய்களுக்குப் போட்டுவிட்டு மது மட்டும் குடிப்பார்.

கேட்க ஜாலியாத்தான் இருக்கு. ஆனா அவருக்கு இத்தனை வீரர்கள் எதுக்கு?

அந்த மண்டபத்துக்கு 540 கதவுகள். ஒவ்வொரு கதவு வழியாகவும் ஒரே நேரத்தில் 800 பேர் வெளியே வருவார்களாம். பெருக்கினால் 4,32,000. (அந்தக் காலத்தில் நூறு என்றால் சில சமயம் 120. அப்படிப் பார்த்தால் இன்னும் கூடும். கணக்கு சார் போட்டுப் பார்க்கலாம்!) இவ்வளவு பேரும் போவது ஒரு ஓநாயை எதிர்த்து. ரக்னரோக் என்ற கடைசிப் போரில் ஃபென்ரிர் என்ற அந்த ஓநாய் ஓடினையே விழுங்கிவிடும். இது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அப்படின்னா வல்ஹல்லா பரிசு இல்லை, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற முகாம். அதுவும் தோற்கப்போகிற பட்டாளம்.

நானா சொல்லலை. 954 வாக்கில் இங்கிலாந்தில் கொல்லப்பட்ட அரசர் எரிக்கைப் பற்றி 'எரிக்ஸ்மால்' என்று ஒரு பழைய பாட்டு இருக்கிறது. அவர் வல்ஹல்லாவுக்கு வரும்போது, "இவ்வளவு பெரிய வீரனுக்கு ஏன் வெற்றியைக் கொடுக்கவில்லை?" என்கிற மாதிரி ஓடினிடமே ஒரு கேள்வி வருகிறது. அவர் சொல்லும் பதில், சாம்பல் நிற ஓநாய் தேவர்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதுதான். தனக்கு ஆள் தேவைப்பட்டதால் நல்ல வீரனைத் தோற்க விட்டிருக்கிறார்! இவரை நம்பியா சண்டைக்குப் போவது?

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது வேறு இடத்தில். ஐஸ்லாந்தில் 1220 வாக்கில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் இந்தக் கதைகளைத் தொகுத்து எழுதினார். நோயிலும் முதுமையிலும் இறந்தவர்கள் ஹெல் என்பவளிடம் போவதாக அதில் வருகிறது. அவள் தட்டின் பெயர் பசி, கத்தியின் பெயர் பஞ்சம், படுக்கையின் பெயர் நோய்ப்படுக்கை. இதைப் படிச்சப்ப எங்க தாத்தா ஞாபகம் வந்துடுச்சு. முப்பது வருஷம் லாரி ஓட்டினவர். போன வருஷம் எட்டு மாசம் கட்டிலோட கிடந்துதான் இறந்தார். ஒருத்தரையும் வெட்டாததுக்கு அவருக்குப் பஞ்சக் கத்தியா?

"அந்த நம்பிக்கையாலதானே அவங்க சாவுக்குப் பயப்படலை?"ன்னு என் பெஞ்ச் நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனா அதே ஸ்னோரி இன்னொரு நூலில் ஓடினைச் சுவீடனை ஆண்ட மனிதராக எழுதுகிறார். அதில் ஓடின் நோய் வந்துதான் சாகிறார்! சாகும் முன் ஈட்டி முனையால் உடம்பில் குறி போட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். ஓடின் சொன்னதாகவே வரும் 'ஹாவமால்' பாட்டில், நொண்டி குதிரை ஏறலாம், கையில்லாதவன் மந்தை மேய்க்கலாம், பிணத்தால் யாருக்கும் உபயோகமில்லை என்ற கருத்து இருக்கிறது. கேம் விளையாடுறவங்க அதையும் படிக்கணும்.

அந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் வல்ஹல்லாவையே நினைச்சுக்கிட்டு இருந்ததாகவும் தெரியலை. ஐஸ்லாந்துப் பழங்கதை ஒன்றில் தோர்ஸ்டைன் என்பவர் மீன் பிடிக்கப் போய்க் கடலில் மூழ்கிவிடுகிறார். அந்தச் செய்தி வருவதற்கு முன்பே, ஒரு சாயங்காலம் ஆடு மேய்ப்பவன் ஒருவன் ஹெல்காஃபெல் மலை திறப்பதைப் பார்க்கிறான். உள்ளே நெருப்பு எரிகிறது, பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது. தோர்ஸ்டைனை வரவேற்று, அவருடைய அப்பாவுக்கு எதிரில் உட்கார வைக்கிறார்கள். யாரும் அவர் எத்தனை பேரைக் கொன்றார் என்று கேட்கவில்லை.

தாத்தாவுக்கு நான் அந்த மலையைத்தான் கேட்பேன்.

(வல்ஹல்லா ரசிகர்கள் பதில் எழுத வலது பக்கம் இடம் விட்டிருக்கேன். தாளைக் கிழிக்காதீங்க!)

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு