வெயிலும் மாத்திரையும்

சென்ற மாதம் விடுதி உணவுக் கூடத்தில் ஒரு விவாதம். எச்.ஐ.வி. கண்ட கர்ப்பிணிகளுக்கு உயிர்ச்சத்து 'டி' கொடுத்தால் போதுமாம், பிள்ளைக்கு நோய் தொற்றாதாம். காலை வெயிலில் நின்றால் அந்த மாத்திரையும் வேண்டாமாம்! சொன்னவர் நம் சங்கத்து நண்பர், நல்லவர், நிறையப் படிப்பவர். அவர் பேச்சில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிதான் என்னை அச்சுறுத்தியது.

உண்மையை முதலில் கூறிவிடுகிறேன். 2009-இல் தான்சானியா நாட்டு ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. எச்.ஐ.வி. கண்ட கர்ப்பிணிகளுள் இச்சத்துக் குறைந்தவர்களின் குழந்தைகளுக்கு நோய் மிகுதியாகத் தொற்றியது என்று அது கூறிற்று. பலர் உவகை கொண்டனர். கொள்ளாரோ? விலை மலிந்த பொருளன்றோ! ஆனால் சத்துக் குறைவுதான் காரணமா, அல்லது அது வறுமைக்கும் நலிவுக்கும் ஓர் அடையாளம் மட்டுமா? இதை அறிய அந்நாட்டுத் தார் எஸ் சலாம் நகரில், எச்.ஐ.வி. மருந்து உண்டுவந்த 2,300 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு நாளும் 3,000 அலகு உயிர்ச்சத்து. மற்றதற்கு வெற்று மாத்திரை. 2022-இல் முடிவு வந்தது. தாயின் உயிரைக் காப்பதிலும் சரி, நோய் முற்றாது தடுப்பதிலும் சரி, குழந்தையின் வளர்ச்சியிலும் சரி, வேற்றுமை காணோம்.

வெயிலோ? இளங்காலை வெயிலில் இச்சத்தை உண்டாக்கும் கதிர் குறைவு, நண்பகலில்தான் மிகுதி. நண்பகலில் பீனியாவின் தையற்கூடத்தில் குனிந்திருக்கும் பெண் எங்கே போய் நிற்பாள்?

சத்தே வேண்டாம் என்று நான் கூறவில்லை. நம் நாட்டில் கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் அரசு வழங்கும் கால்சியம் மாத்திரையிலேயே உயிர்ச்சத்து 'டி' கலந்திருக்கிறது. எலும்புக்கு அது நல்லது. ஆனால் சிக்கலும் அங்கேதான்! இன்று எச்.ஐ.வி.க்கு அரசு மையங்களில் தரும் முதன்மை மருந்தில் டொலுடெக்ராவிர் உண்டு. வெறும் வயிற்றில் கால்சியத்தையோ இரும்புச்சத்தையோ அதனுடன் விழுங்கினால், இவை அதைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடா. ஆகவே இவற்றுக்கு இரண்டு மணி முன்போ ஆறு மணி பின்போ அம்மருந்தை உண்ணவேண்டும். இல்லையேல் உணவோடு சேர்த்து உண்ணவேண்டும். கால்சியமும் இரும்பும் வேறு ஒன்றோடொன்று சேரக்கூடாது. மருத்துவம் படிப்பவருக்கே தலை சுற்றும் கணக்கு இது.

தருமபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவள், கன்னடம் அறியாதவள், இதை எப்படி நினைவில் வைப்பாள்? சிவாஜிநகர்ப் பக்கத்து மருத்துவமனைகளில் தமிழ் பேசும் செவிலியர் இல்லாமலில்லை. எனினும் வரிசை நீளும்போது விளக்கம் சுருங்கும், இயற்கைதானே!

நண்பர்களே! மருந்தில்லையேல், நோய் கண்ட தாய்மார் நூற்றுவருக்குப் பிறக்கும் குழந்தைகளுள் 15 முதல் 45 வரை நோயுறக்கூடும். தாய்க்கும் சேய்க்கும் முறையாக மருந்து தந்தால் அது ஐந்துக்கும் கீழே. கருவுற்ற எல்லாத் தாய்மார்க்கும் வாழ்நாள் முழுதும் மருந்து என்ற திட்டம் 2014 முதல் நம் நாட்டில் நடப்பில் உள்ளது. இருந்தும் 'வெயில் போதும்' என்று நம்பி ஒருத்தி மருந்தை நிறுத்தினால்?

1986-இல் இந்நோய் இந்தியாவில் இருப்பதைச் சென்னையில் கண்டறிந்தனர் அல்லவா? மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அன்று இரத்த மாதிரிகளைத் திரட்டிய நிர்மலா, நம்மைப் போல ஒரு மாணவி.

யாருக்கு நோய் என்று நாம் தேடி அலையவேண்டாம். ஒருவர் நோயை அவர் இசைவின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இல்லாவிடினும் அது இழிசெயலே. எந்த மாத்திரை எப்பொழுது என்று தமிழில் ஒரே ஒரு தாள், மருத்துவர் பார்த்துத் திருத்தியது, எல்லாக் கர்ப்பிணிகள் கையிலும் கிடைக்கச் செய்யலாம். வாசகம் எழுதிவிட்டேன். படிக்கத் தெரியாதவர்க்காக உதயம், உச்சி, அந்தி, இரவு என நான்கு படங்கள் வேண்டும். வரைய வல்லவர் நம்முள் யார்?